உப்புக்கு உருகாத பனிக்கட்டி

கனடா தேசத்தின் வரைபடத்தை விரித்து, தென் எல்லையை ஒட்டி வரிசையாக நிற்கும் பெருநகரங்களை விட்டுவிட்டு, விரலை மேலே மேலே நகர்த்திக்கொண்டு போனால், மரங்கள் வளர்வது நின்றுபோகும் எல்லையையும் தாண்டி, நிலம் துண்டு துண்டாகச் சிதறித் தீவுக்கூட்டமாகிவிடும் ஒரு பிரதேசத்தில், விக்டோரியா தீவின் தென்கிழக்குக் கரையில், கேம்பிரிட்ஜ் பே என்னும் சிற்றூர் ஒரு புள்ளியாகத் தென்படும். 1999-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தனி ஆட்சிப் பிரதேசமாகப் பிரிந்த நுனாவுட்டைச் சேர்ந்தது அது. இருபது லட்சம் சதுர கிலோமீட்டரை எட்டும் அந்தப் பிரதேசம் முழுவதிலும் இருப்பவை 25 ஊர்கள். ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் இணைக்கும் சாலை என்று எதுவும் கிடையாது. ஆகையால் எல்லோநைஃப் நகரில் விமானம் ஏறுவதைத் தவிர வேறு மார்க்கம் இல்லாமல், நம் நாட்டில் ஜனங்கள் தண்ணீர்ப்பந்தலைத் தேடிக்கொண்டிருக்கும் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில், வெண்மையைத் தவிர வேறு நிறம் காணாத ஒரு சமவெளியின் மேலே பறந்து, அவ்வூர் போய்ச் சேர்ந்தேன்.

அங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் போதிக்கும் நண்பர் ஒருவர், நானும் ஒரு காலத்தில் உபாத்தியாயராக இருந்தவன் என்பதை மறவாமல், பிள்ளைகள் நடத்தப்போகும் விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒத்தாசை செய்ய வரும்படி எழுதியிருந்தார். கண்காட்சி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது, வண்ணத்தாள் ஒட்டிய அட்டைகளும், அவற்றின் முன்னே கைகட்டி நின்றுகொண்டு மனப்பாடம் செய்த வாக்கியங்களை ஒப்புவிக்கும் சிறுவர் சிறுமியரும், கையில் மதிப்பெண் தாளுடன் மேஜைக்கு மேஜை நகரும் நடுவர்களும்தான். கனடாவிலும் 1962 முதல் தேசிய அளவில் ஆண்டுதோறும் நடக்கும் மாணவர் விஞ்ஞானப் போட்டி ஏறத்தாழ இந்த வழியில்தான் போகிறது. அதனால் விளைந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் என் நண்பர் விதித்திருந்த நிபந்தனை வேறு. பார்க்க வருகிறவர் தம் கையால் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்க்க இடமில்லாத எந்த மேஜைக்கும் அந்தக் கூடத்தில் அனுமதி இல்லை, அட்டை எழுத விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம், அதற்கு மதிப்பெண் கிடையாது, பரிசும் கிடையாது.

இந்த நிபந்தனைக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் விளக்கியபோது, எத்தனையோ ஆண்டு வகுப்பறையில் காலம் கழித்த எனக்கே அது புதிய செய்தியாக இருந்தது. அப்பிரதேசத்தின் பூர்வகுடிகளான இனுவிட் சமூகத்துப் பிள்ளை, பெரியவர்கள் செய்வதை அருகிலிருந்து நெடுநேரம் பார்த்து, பிறகு தானே செய்து, தவறினால் மறுபடி செய்து கற்றுக்கொள்ளும் வழக்கத்தில் வளர்கிறது. கேள்வி மேல் கேள்வி கேட்பதும், தெரிந்ததைப் பலர் முன் எடுத்துச் சொல்லிக்கொள்வதும் அங்கே அவ்வளவு கௌரவமான காரியங்கள் அல்ல. அதோடு, ஆம் என்பதற்குப் புருவத்தை உயர்த்துவதும், இல்லை என்பதற்கு மூக்கைச் சுளிப்பதும் அவர்கள் வழக்கம். தெற்கிலிருந்து வந்த நடுவர் ஒருவர், “இந்தப் பரிசோதனையை நீயே செய்தாயா?” என்று கேட்க, பிள்ளை புருவத்தை உயர்த்திப் பூரணமாகப் பதில் சொல்லிவிட, அவரோ பதிலே வரவில்லை என்று எண்ணிக்கொண்டு ‘வாய்மொழி விளக்கம்’ என்ற கட்டத்தில் பூஜ்யத்துக்குச் சற்று மேலே ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவதை நண்பர் கண்ணால் கண்டிருக்கிறார். நாவன்மையை அறிவின் அளவுகோலாக்கிக்கொண்ட நம்மைப் போன்றவர்கள், நம் பள்ளிகளிலும் கடைசிப் பெஞ்சில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்த எத்தனை பிள்ளைகளுக்கு இதே அநியாயத்தைச் செய்திருக்கிறோமோ தெரியாது.

ஏற்பாடுகளில் முதல் வேலை சாமான் சேகரிப்பது. அந்த ஊருக்குக் கனமான பொருள்கள் வருவது கோடையில் கடல் இளகும் சில வாரங்களில் வந்துபோகும் கப்பலில்தான். மற்ற மாதங்களில் எது வேண்டுமானாலும் விமானத்தில், கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி வரவேண்டும். கடையில் பாலும் பழமும் விற்கும் விலையைப் பார்த்தாலே அதன் தாத்பரியம் விளங்கிவிடும். பள்ளியின் சாமான் அறையில் முன்னைய ஆண்டுகளில் தருவித்த பெட்டிகள் பல இருந்தன. காடிநீரும் சமையல் சோடாவும் கலந்து பொங்கவைக்கும் பிளாஸ்டிக் எரிமலை. அவரை விதை முளைவிடுவதைக் கவனிக்கும் கண்ணாடிச் சட்டிகள். இலைகளைச் சேகரித்து மரங்களை இனம் காணும் அட்டவணை. நிமிர்ந்து நிற்கும் மரம் ஒன்றுகூட இல்லாத தீவில், முழங்கால் உயரத்துக்கும் எழும்பாமல் தரையோடு தவழும் ஆர்க்டிக் வில்லோச் செடியைப் பார்த்து வளர்ந்த குழந்தை, மேப்பிள் இலைக்கும் ஓக் இலைக்கும் வித்தியாசம் கண்டு என்ன செய்யும்? நுனாவுட்டின் மேல்வகுப்புகளில் நெடுங்காலமாக ஆல்பர்ட்டா மாகாணத்தின் பாடத்திட்டமே வழங்கி வந்திருப்பதால், கோதுமை வயல்களும் தேவதாரு வனங்களும் பாடப்புத்தகத்தின் வழியாக அங்கே வந்து குடியேறிவிட்டன. அந்தப் பெட்டிகளை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஊரில் என்ன இருக்கிறதோ அதைக்கொண்டே எல்லாவற்றையும் செய்வது என்று தீர்மானித்தோம். ஊரில் இருந்தவை குளிர், பனி, காற்று, கடல்மேல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமனுக்கு உறைந்து கிடந்த பனித்தளம், கயிறு, பலகை, பிறகு வயதானவர்கள்.

குளிரைப் பரிசோதனைச் சாலையாகக் கொள்வது பற்றிச் சொல்லவேண்டும். அறைக்குள் ஊதிக் கட்டிய பலூனை வாசலுக்கு வெளியே பத்து நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றால், அது வாடிச் சுருங்கி ஏழில் ஒரு பங்கு கனபரிமாணத்தை இழந்துவிடுகிறது. உள்ளே கொண்டுவந்தால் பழைய உருவத்தை அடைகிறது. வாயுக்களின் விதியைச் சூத்திரமாக மட்டுமே படித்த எனக்கு அதைக் கையில் பிடித்துப் பார்ப்பதில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. கதகதப்பாக்கிய அறைகளுக்குள் காற்று எலும்புபோல் உலர்ந்திருக்கும் காரணத்தால், நம் கடற்கரை ஊர்களில் சீப்பைத் தலையில் எத்தனை தேய்த்தாலும் காகிதத் துண்டைக்கூட இழுக்க மறுக்கும் நிலைமின்சாரம், அங்கே கதவுக் குமிழைத் தொட்டாலே பொறி பறக்கும்படி பெருகிக் கிடக்கிறது. மின்னூட்ட மேஜையை நடத்திய இரண்டு சிறுமிகள், தலைமயிர் செங்குத்தாக எழும்பி நிற்க, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். விளக்கம் கேட்டவர்களுக்கு ஒரு கம்பளித் துண்டையும் பலூனையும் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பரிசோதனைகளில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது உப்பு. உப்பைத் தூவினால் பனிக்கட்டி உருகும் என்று பாடநூல் சொல்கிறது. காலை எட்டு மணிக்கு, உஷ்ணமானி உறைநிலைக்குக் கீழே 26 டிகிரி காட்டிக்கொண்டிருந்தபோது, பிள்ளைகள் முற்றத்தில் வைத்த பனிக்கட்டித் தட்டின்மேல் தாராளமாக உப்பைத் தூவினார்கள். அது மணலைப்போல அப்படியே கிடந்தது. அரைமணி சென்றும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதே தட்டை உள்ளே கொண்டுவந்ததும் சற்று நேரத்தில் உப்பு பனிக்கட்டியைத் துளைத்துக் குழி பறிக்கத் தொடங்கியது. சோற்றுப்பும் நீரும் எந்த விகிதத்தில் கலந்தாலும் உறைநிலைக்குக் கீழே சுமார் 21 டிகிரிக்கு அப்பால் திரவமாக நிற்க முடியாது என்பதுதான் இதன் சூட்சுமம். புத்தகம் எழுதியவர் அவ்வளவு குளிரைக் கண்டதில்லை, அதனால் அந்த எல்லையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். இதை நண்பர் விளக்க வாயெடுக்குமுன், பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், “கடலும் உப்புத்தானே, அதுவும் உறைந்துதானே கிடக்கிறது!” என்றான். அதற்குமேல் விளக்கத்துக்கு அவசியம் ஏற்படவில்லை. பிற்பகலில் அவன் கடல்பனியிலிருந்து ஒரு துண்டும், ஏரிப்பனியிலிருந்து ஒரு துண்டும் வெட்டிக்கொண்டுவந்து, இரண்டையும் உருக்கி, வருகிறவர்கள் எல்லோருக்கும் நாக்கில் தொட்டுப் பார்க்கக் கொடுத்தான். தேநீருக்கு எந்தப் பனியை உருக்கவேண்டும் என்பது அவன் பாட்டனார் காலத்தில் உயிர் வாழ்வதற்கான பாடமாக இருந்த விஷயம்.

நிழல் அளக்கும் மேஜைக்கு மட்டும் நான் சற்று உரிமை கொண்டாடலாம். சித்திரை தொடங்கும் அந்நாட்களில் கேம்பிரிட்ஜ் பேயில் சூரியன் ஏறக்குறைய 16 மணி நேரம் வானத்தில் இருக்கிறது. நவம்பர் இறுதியில் மறைந்தால் ஜனவரி இரண்டாம் வாரம் வரையில் தலைகாட்டாத அந்தச் சூரியனைக் கண்ட களிப்பில் பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நடுப்பகலில்கூட அது அடிவானத்துக்கு மேலே முப்பது டிகிரி அளவே ஏறுவதால், பனியில் நட்ட ஒரு மீட்டர் கோலின் நிழல் ஒரு மீட்டர் எழுபது சென்டிமீட்டருக்கு நீள்கிறது. அதே வாரத்தில் மதுரையில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்குமேல் வந்து, நட்ட கோலின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும் என்றும், அதை நிழலில்லா நாள் என்று சொல்லித் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கோலை நட்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்றும் நான் சொன்னபோது, அவர்கள் அதை நம்பவில்லை. ஊரிலிருந்து என் மருமகன் அலைபேசியில் எடுத்து அனுப்பிய படத்தைக் காட்டிய பிறகே நம்பினார்கள். இரண்டு கோணங்களின் வித்தியாசம் ஏறத்தாழ அறுபது. அதாவது பூமியின் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு. எரட்டோஸ்தனிஸ் என்ற யவன அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் ஏழு டிகிரி வித்தியாசத்தைக்கொண்டு செய்த கணக்கை, அறுபது டிகிரியைக்கொண்டு செய்யும் பாக்கியம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஒரு சிறுமி மாத்திரம் கணக்கில் ஈடுபடாமல், நிழலே இல்லாத இடத்தில் நாய்கள் எங்கே படுத்துக்கொள்ளும் என்று கேட்டாள். சித்திரை வெயிலில் நம் தெருநாய்கள் படும் பாட்டை நினைத்து, அது எத்தனை நியாயமான கேள்வி என்று எண்ணிக்கொண்டேன்.

காந்த ஊசி வைத்திருந்த மேஜையில் ஓயாத கூட்டம். பூமியின் வட காந்த துருவத்தை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கண்டறிந்தது, அங்கிருந்து கிழக்கே உள்ள பூதியா தீபகற்பத்தில். துருவம் இப்போது நெடுந்தூரம் வடக்கே நகர்ந்து சைபீரியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தாலும், காந்தக் கோடுகள் அங்கே இன்னும் ஏறக்குறையச் செங்குத்தாகவே பூமிக்குள் இறங்குகின்றன. கிடையாகச் சுழலும் சாதாரணத் திசைகாட்டியைத் தட்டிவிட்டால் அது தூக்கக் கலக்கத்தில் இருப்பவரைப்போல மெதுவாக அசைந்து, வெகுநேரம் கழித்து, ஒருவாறு ஒரு திசையில் நிற்கிறது. நூலில் நடுவே கட்டித் தொங்கவிட்ட காந்தத் தையலூசியோ தலைகீழாகக் கீழே குத்திட்டு நிற்கிறது. இந்த விநோதத்தை அளப்பதற்காகவே நார்வே நாட்டு அமுண்ட்ஸன், 1903 முதல் இரண்டு குளிர்காலம் அருகிலுள்ள கிங் வில்லியம் தீவில் தங்கினார். அங்கே இனுவிட் மக்களிடம் தோலுடை அணியவும் நாய்வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டது பிற்காலத்தில் தென் துருவத்தில் அவருக்குக் கைகொடுத்தது. அவருடைய பிற்காலக் கப்பலான ‘மாட்’, கேம்பிரிட்ஜ் பேயின் குடாவிலேயே 1930-இல் மூழ்கி, 2016-இல் மேலே தூக்கப்பட்டு, பின்னர் தாய்நாடு போய்ச் சேர்ந்தது.

கேட்டுக் கற்றுக்கொண்டவர் பிழைத்தார் என்பதோடு, கேளாதவர்கள் கதையையும் அந்தக் கடலோரம் அறியும். 1845-இல் பிராங்க்ளின் என்ற கடற்படை அதிகாரியின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து இரண்டு கப்பல்களில் புறப்பட்டு இந்தத் தீவுகளுக்கிடையே வந்த 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கப்பல்கள் எங்கே போயின, மாலுமிகள் எப்படி இறந்தார்கள் என்று இனுவிட் முதியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். லண்டனில் இருந்த பெரிய மனிதர்கள் அதை நம்ப மறுத்தார்கள். கடைசியில் 2014-இல் ஒரு கப்பலும் 2016-இல் மற்றொன்றும் கடலடியில் அகப்பட்டபோது, வழி காட்டியது அந்த வாய்மொழிச் செய்திகளே. இப்போது ஊரின் ஓரத்தில், 2019-இல் திறக்கப்பட்ட கனடிய ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையம் கம்பீரமாக நிற்கிறது. அங்கே வந்துபோகும் பண்டிதர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் கண்காட்சியின் முக்கிய விஞ்ஞானியாக நான் கண்டது, பள்ளி முற்றத்தில் பனிக்கத்தியுடன் நின்ற ஒரு கிழவரைத்தான்.

அவர் முதலில் செய்தது, நீண்ட மெல்லிய கோல் ஒன்றைப் பனியில் அங்குமிங்கும் குத்திப் பார்த்ததுதான். பல புயல்களில் அடுக்கடுக்காகப் படிந்த பனி வெட்டும்போது பிளந்துவிடும். ஒரே புயலில் காற்று அடித்து இறுக்கிய பனியாக இருந்தால் கோல் தடங்கலின்றி ஒரே சீராக இறங்கும். இடத்தைத் தேர்ந்தபின், தாம் நிற்கும் குழியிலிருந்தே பாளம் பாளமாக வெட்டி, தம்மைச் சுற்றி வட்டமாக நிறுத்தி, முதல் சுற்றின் மேல்விளிம்பைச் சரிவாகச் சீவி, அந்தச் சரிவின்மேல் பாளங்களைத் திருகுபோல ஏறவிட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு பாளமும் உள்நோக்கிச் சாய்ந்து முன்னதன்மேல் தோள் கொடுத்து நின்றது; சாரம் இல்லை, முட்டு இல்லை. மாணவர்கள் வெட்டிக் கொடுத்தார்கள், இடுக்குகளில் பொடிப்பனியை அடைத்தார்கள்; அவர் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. ஒரு பையன் பாளத்தைத் தலைகீழாக வைத்தபோது, அதை எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, மறுபடி எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் சரியாக வைத்தான்.

இக்ளு என்னும் அந்தப் பனிவீடு எழும்பியதும் உள்ளே ஒரு மூதாட்டி, மாக்கல்லில் குடைந்த பிறைவடிவக் குல்லிக் விளக்கில் கடல்நாய் எண்ணெய் விட்டு, பாசியையும் ஆர்க்டிக் பருத்தியின் பஞ்சையும் சேர்த்துத் திரித்த திரியை நேர்விளிம்பு நெடுக வைத்து ஏற்றினார். மாணவர்கள் நான்கு உயரங்களில் உஷ்ணமானிகளைச் செருகினார்கள். வெளியே உறைநிலைக்குக் கீழே 24 டிகிரி. தவழ்ந்து நுழையும் தாழ்ந்த வாயிலில் 19. உயரமாக அமைந்த படுக்கை மேடையில் 4. கூரையின் உட்புறத்தில் உறைநிலையை ஒட்டி ஓர் அளவு. கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்குவதும், சூடான காற்று மேலே தங்குவதும், பனிக்குள் அடைபட்ட காற்றுச் சிற்றறைகள் வெப்பத்தை வெளியேற விடாததும் அந்த நான்கு எண்களில் பிரத்யட்சமாயின. திரியின் சுடர் ஓரிடத்தில் கிளம்பிப் புகைந்தால், மூதாட்டி ஒரு குச்சியால் மெல்ல அழுத்திச் சமப்படுத்துவார். குழந்தைகளில் ஒருத்தியிடம் குச்சியைக் கொடுத்தபோது, அவளை ‘அம்மா’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார். இறந்தவர் பெயரைப் பிறந்த குழந்தைக்கு இட்டு, அந்த உறவையும் அதற்கே உரியதாக்கிவிடுவது அவர்கள் மரபு என்று பிறகு அறிந்தேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இட்டுவிட்டு, அவனைப் பெயர் சொல்லி அதட்டத் தயங்கும் நம் வீட்டு மருமகள்களை அறிந்தவர்களுக்கு இது அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

கூடத்துக்குள் கமுட்டிக் என்னும் சறுக்குவண்டியின் சிறு மாதிரிகள் இரண்டு இருந்தன. ஒன்றில் குறுக்குப் பலகைகளை ஆணியால் அறைந்திருந்தார்கள், மற்றொன்றில் கயிற்றால் பிணைத்திருந்தார்கள். பார்வையாளர் இரண்டையும் வெளியே கரடுமுரடான பனிமேல் இழுத்துச் செல்லவேண்டும். ஆணி அறைந்தது விறைப்பாக நின்று சீக்கிரமே விரிசல் கண்டது. கயிற்றால் கட்டியது மேடு பள்ளத்துக்கேற்ப நெளிந்து கொடுத்துத் தப்பியது. இன்னொரு மேஜையில் காக்டோவிக் எண்கள். அலாஸ்காவின் காக்டோவிக் என்ற ஊரில் 1994-இல் நடுநிலைப் பள்ளி மாணவர்கள், இருபதை அடியாகக்கொண்ட தங்கள் பாஷையின் எண்ணிக்கைக்கு இந்து-அரபு எண்கள் ஒத்துவரவில்லை என்று, கோடுகளால் ஆன இருபது புதிய குறிகளைத் தாங்களே உண்டாக்கினார்கள். 1998-இல் இனுவிட் துருவவட்டாரப் பேரவை அவற்றை ஆதரித்தது. கூட்டல் கழித்தலைக் குறியின் வடிவத்திலேயே கண்டுவிடும்படி அமைந்த அவற்றைக் கொண்டு குச்சிகளை அடுக்கிக் கணக்குப் போடுவதில், என் பழைய வாய்பாட்டுப் பெருமை சிறிதும் உதவவில்லை.

மாலையில் ஊரே திரண்டு வந்தது. முதியவர்களுக்கு முதல் ஆசனம், முதல் சாப்பாடு. காரிபூ மான் கறியும், ஆர்க்டிக் சார் மீனும், பானக் ரொட்டியும், அளவற்ற தேநீரும். விஞ்ஞானத்துக்குப் பரிசு இல்லை என்றாலும், வந்தவர்கள் பெயரைக் குலுக்கி எடுத்து எரிபொருள் சீட்டு கொடுப்பதை விட்டுவிட்டால் அந்த ஊரில் எந்தக் கூட்டமும் சோபிக்காது என்று நண்பர் முன்பே எச்சரித்திருந்தார். அதில் அவர் சொன்னது சரி.

மறுநாள் புயல் எழும்பி விமானம் வரவில்லை. ஆகையால் அடுத்த கோடைக் கப்பலுக்கு அனுப்பவேண்டிய சாமான் பட்டியலைத் தயாரிக்கும்போது நானும் உடன் இருந்தேன். பட்டியலில் ஏற்கெனவே எழுதியிருந்த எரிமலைப் பெட்டிகளை நண்பர் அடித்துவிட்டார். நீண்ட உஷ்ணமானிகள் இரண்டு டஜன், நைலான் கயிறு ஐந்து சுருள், தையலூசிகள், பலூன்கள் என்று எழுதினோம். உலு என்னும் பிறைக்கத்தியைத் தீட்டுவதற்கு நல்ல அரம் வேண்டும் என்று அந்த மூதாட்டி சொல்லியனுப்பியிருந்தார்; அதையும் சேர்த்து, எத்தனை என்று கேட்டு வர நண்பர் ஒரு பையனை அனுப்பினார். அவன் பனிப்புயலில் போய் வந்து, ஆறு விரல்களைக் காட்டினான்.